இரண்டு மீட்டர், ஒரு காத்தாடி

…அப்படியா சொன்னாள் அந்த முனை வீட்டுக்காரி? என் மருமகள் கரண்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாளாம், அதனால் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு அணைவதே இல்லையாமா? நல்ல கதைதான் போ. கண்ணு, நீ இந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். அவள் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிடாதே. இதோ, இப்போது கரண்ட் இல்லாமல் நீயும் நானும் வேலியோரம் முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்கிறோம். என் ஹால் இருட்டு. கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்டு, பாதி முழித்துக்கொண்டு கிடக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் எட்டிப் பார், என் தங்கச்சியின் சாமி மாடத்தில் சிவப்பு பல்பு எரிகிறது. ரேடியோகூடப் பாடுகிறது. அதைத்தான் முனை வீட்டுக்காரி பார்த்திருக்கிறாள். பாதியைப் பார்த்துவிட்டு முழுதாகப் பேசுவது அவளுக்குக் கைவந்த கலை. போன தடவை என் பித்தவெடிப்பைப் பார்த்துவிட்டு எனக்குச் சர்க்கரை வியாதி என்று பாசார் சந்தை முழுக்கச் சொன்னவள்தானே.

உனக்கு முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நானும் தங்கச்சியும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் ரயிலில் வேலை. கல்யாணமான புதிதில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். எழுபதுகளில் கிள்ளானுக்கு வந்து பக்கத்துப் பக்கத்து வீடு வாங்கினோம். எங்கள் வீடு பழைய வரிசையில் கடைசி. தங்கச்சி வீடு பிறகு கட்டிய வரிசையில் முதல். நடுவில் ஒரே ஒரு சுவர்.

அந்தச் சுவருக்கு எமனாக வந்தவர் என் மாமியார். பெரிய மகன் வீட்டில் இருந்தால் சின்ன மகனுக்கு மனசு வருத்தப்படுமாம். சின்னவன் வீட்டில் இருந்தால் பெரியவனுக்கு முகம் வாடுமாம். உண்மையில் ஒருவன் முகமும் வாடவில்லை, இரண்டும் சந்தோஷமாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தன. வாசலுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து மாமியாரின் முழங்கால்தான் வாடியது. கடைசியில் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் ஆள் போகிற அளவுக்குச் சுவரை இடித்தார்கள். இடித்த இடத்தில் மாமியார் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கால் என் வீட்டில், ஒரு கால் தங்கச்சி வீட்டில். இரண்டு மருமகள்களையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க அதைவிட வசதியான ஆசனம் உலகத்தில் கிடையாது. ஒருநாள் வாசலில் வந்த ஒருவன், "பாட்டி, நீங்க எந்த வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "நான் எங்க இருக்கேன்? வீடு ரெண்டும்தான் எங்கிட்ட இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அடுப்பு ஒன்றானது. டெலிபோன் ஒன்றானது. முன்னால் ஒரே கூரையாகப் போர்ட்டிக்கோ இழுத்தோம். மீட்டர் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டது. பழைய வரிசைக்குக் கரண்ட் ஒரு பக்கத்திலிருந்தும் புது வரிசைக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? என் பக்கம் அணைந்தால் அந்தப் பக்கம் போய் உட்காருவோம். அந்தப் பக்கம் அணைந்தால் எல்லாரும் இங்கே. அவ்வளவுதான் எங்கள் மின்சார ஞானம்.

மருமகள் வந்த பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சே வந்தது. அவளுக்கு ஷா ஆலமில் கரண்ட் ஆபீஸ்தான், கம்ப்யூட்டர் வேலை. காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு போவதை இந்தத் தெருவே நின்று பார்க்கும். நான் பார்க்காத மாதிரி வாசலைக் கூட்டிக்கொண்டு பார்ப்பேன். பெருமையை வெளியில் காட்டினால் கண்ணு பட்டுவிடும் பார்.

அவளுடைய வேலை என்னவென்று ஒருநாள் கேட்டேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக் கட்டங்கட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூணு ஆபீஸ் இருக்கு. பில் போடுறவங்க, மேப் வரையறவங்க, ரிப்பேருக்கு லோரி அனுப்புறவங்க. மூணு பேருக்கும் தனித்தனி கம்ப்யூட்டர். ஒன்னு சொல்றது இன்னொன்னுக்குப் புரியாது."

"நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லு."

"அத விட மோசம் அத்தை. நம்ம தெருமுனையில எலும்புக்கூடு படம் போட்ட கரண்ட் கொட்டகை இருக்குல்ல? பில் ஆபீசுக்கு அது ஒரு நம்பர். மேப் ஆபீசுக்கு அது ரோட்டுப் பேரு. லோரிக்காரங்களுக்கு அது சீனக் கோயில் பக்கத்துக் கொட்டகை. ஒரே கொட்டகை, மூணு பேரு. யாராச்சும் போன் பண்ணி கரண்ட் இல்லன்னா, ஒருத்தர ஒருத்தர் கேட்டு, அது இதுதானான்னு கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிடுது."

மூன்று ஆபீசும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரே அச்சு செய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. கொட்டகையா, கம்பமா, மீட்டரா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். அதை அவரவர் எந்தப் பெயர் வைத்தும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், ஆனால் உள்ளே அது ஒரே பொருள் என்று தெரிந்துவிட வேண்டும். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதற்குக் கோடு. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனாலும் கட்டமும் கோடும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"இதுக்குத்தான் இவ்வளவு படிச்சியா?" என்று சீண்டினேன். "என் தங்கச்சி இருக்காளே, உன் புருஷனுக்கு அம்மாவோட தங்கச்சி, அதனால சித்தி. சின்னப்பா பொண்டாட்டி, அதனாலயும் சித்தி. உன் மாமனாருக்குக் கொழுந்தியா, தம்பி பொண்டாட்டியும் அவதான். உனக்குச் சின்னத்தை. எனக்குத் தலவலி. இத்தன பேரு இருந்தும் சோத்து நேரத்துக்கு ஒரே ஆளாத்தான் வந்து ஒக்காருறா."

"அதேதான் அத்தை! அத மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் எனக்குச் சம்பளம்."

உள்ளேயிருந்து தங்கச்சி குரல் கொடுத்தாள். "யாருக்குடி தலவலி?"

சிரிப்பாகப் பேசினாலும் விஷயம் சிரிப்பானது இல்லை. அவளுடைய பெரிய அதிகாரி ஒரு மலாய்க்காரர், மேப் ஆபீஸ்காரர், நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. மேலே இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லையாம். ஒரே ஒரு வட்டாரத்தில் செய்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்காக ஒரு கொட்டகையை அணைக்கிற நாளில் எந்தெந்த வீடு இருட்டாகும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே படம் போட்டுக் காட்ட வேண்டும். அதிகாரிகள் நேரில் நடந்து பார்ப்பார்கள். ஒரு வீடு தப்பினாலும் திட்டத்தை மூடிவிட்டு, மருமகளைக் கோத்தா கினபாலுவுக்கு மாற்றிவிடுவார்கள். அது கடல் தாண்டி, பிளேனில் போகிற ஊர். அவள் போனால் என் மகனும் போவான். பேத்தியும் போவாள். பிறகு இந்த இரண்டு வீட்டிலும் நானும் தங்கச்சியும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவர்கள் தேர்ந்தெடுத்த வட்டாரம் எது என்கிறாய்? எங்கள் தெருதான். சீனக் கோயில் பக்கத்துக் கொட்டகை.

அன்றைக்குக் காலையில் மருமகள் சாமி கும்பிட்டுவிட்டு, "அத்தை, ஒன்னும் செய்யாதீங்க. எப்பவும் போல இருங்க. அவங்க வருவாங்க, பாப்பாங்க, போவாங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். எப்பவும் போல இருங்க என்று அவள் சொன்னதுதான் வினையாகிவிட்டது. எங்கள் வீட்டில் எப்பவும் போல என்றால் ஆள் வந்தால் பசியாற வைக்காமல் அனுப்புவது இல்லை. தங்கச்சி விடியும் முன்பே வடைக்கு அரைத்து வைத்துவிட்டாள்.

சொன்ன நேரத்துக்கு என் பக்கம் கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் பெரிய அதிகாரி, கையில் படம். இருட்டாகப் போகிற வீடுகளுக்கு அதில் சிவப்பு. பின்னால் பில் ஆபீசிலிருந்து ஒரு சீனப் பெண், குடை பிடித்துக்கொண்டு. கடைசியில் ரிப்பேர் ஆபீசிலிருந்து நம்மாள் ஒருவர், மீசைக்காரர். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்துக்காரர். இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

அதுவரை பார்த்த வீடெல்லாம் படத்தில் இருந்த மாதிரியே சரியாக வந்திருக்கிறது. எங்கள் வாசலுக்கு வந்தபோது மூன்று பேரும் மழையில் நனைந்த கோழி மாதிரி வேர்த்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய அதிகாரி நேராகப் போய் மாமியாரின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியும் அந்த நாற்காலி அங்கேயே, அந்த இடிந்த சுவர் நடுவிலேயேதான் இருக்கிறது.

தங்கச்சி வடைத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். தேத்தண்ணி கொடுத்தாள். அப்புறம் ஒரு மேசைக் காத்தாடியைக் கொண்டுவந்து என் ஹாலில் வைத்துத் தட்டிவிட்டாள். அடடா, என்ன காற்று! நானும் முந்தானையை விரித்துக்கொண்டு, மவராசி, நம் தங்கச்சிக்கு எவ்வளவு பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய அதிகாரி வடையை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். காத்தாடியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். படத்தில் என் வீடு சிவப்பு.

மீசைக்காரர் முகத்தில் விளக்கு எரிந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் மருமகள் வாசலில் வந்து நின்றாள்.

"வாங்கம்மா வாங்க," என்றார் அவர். "உங்க கம்ப்யூட்டர் இந்த வீடு இருட்டுன்னு சொல்லுது. காத்தாடி இல்லன்னு சொல்லுது. நான் காத்தாடியத்தான் நம்புவேன் லா."

மருமகள் முகம் வெள்ளையாகிவிட்டது. எனக்குக் கோத்தா கினபாலு பிளேன் சத்தம் காதில் கேட்டது.

அவள் குனிந்து காத்தாடியின் வயரைப் பிடித்தாள். அது நாற்காலிக்கு அடியில், பெரிய அதிகாரியின் இரண்டு காலுக்கும் நடுவில் போய், இடிந்த சுவரைத் தாண்டி, தங்கச்சி வீட்டு பிளக்கில் முடிந்தது.

"பாஸ்," என்று மலாயில் சொன்னாள், "இந்தக் காத்தாடி பக்கத்து வீட்டுக் கரண்டுல ஓடுது. பக்கத்து வீடு வேற லைன். படத்துல அது சிவப்பு இல்ல, பாருங்க."

"பக்கத்து வீடா?" பெரிய அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். "இது ஒரே வீடு. என் மேப்புல ஒரே கூரை."

"இல்ல, ரெண்டு வீடு," என்றாள் பில் ஆபீஸ் பெண். "ரெண்டு மீட்டர், ரெண்டு பில். ரெண்டையும் நான்தான் அனுப்புறேன்."

"ஒரே வீடு!" என்றார் மீசைக்காரர். "ஒரே டெலிபோன். கரண்ட் போனா ரெண்டு அம்மாவும் ஒரே நம்பர்லேர்ந்துதான் என்னத் திட்டுறாங்க. இத்தன வருஷமா என் காது சாட்சி."

ஒரு வாசலில் நுழைந்து ஒரே தட்டில் வடை தின்றுகொண்டு மூன்று பேரும் சண்டை போட்டார்கள். மாமியார் இருந்திருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

மருமகள் பொறுமையாக நின்றாள். சத்தம் அடங்கியதும் சொன்னாள். "இதனாலதான் பாஸ் நான் வீடுன்னு ஒரு கட்டமே போடல. கூரை இருக்கிற இடம் ஒரு கட்டம். மீட்டர் ஒரு கட்டம். குடியிருக்கிற ஆள் ஒரு கட்டம். இங்க இடம் ஒன்னு, மீட்டர் ரெண்டு, ஒரு மீட்டர் அந்தக் கொட்டகையோட சேருது, ஒன்னு இந்தக் கொட்டகையோட சேருது. நீங்க மூணு பேர் சொல்றதும் சரி. மூணும் வேற வேற கட்டம்."

பெரிய அதிகாரி தாடையைத் தடவினார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கண்ணால பாக்கணும். அந்த பிளக்கப் புடுங்கிக் காட்டச் சொல்லு. இந்தப் பக்கம் எல்லாம் நின்னு, அந்தப் பக்கம் எரிஞ்சா, நான் ஒத்துக்கறேன்."

என்ன லேசான காரியம்! மருமகள் திரும்பி, "சின்னத்தை, பிளக்கப் புடுங்குங்க" என்றாள்.

தங்கச்சி பிளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"முடியாது."

"சின்னத்தை!"

"வந்தவங்க ஒக்காந்து பசியாறிக்கிட்டு இருக்காங்க. தட்டுல வடை இருக்கு. அவங்க மேல வீசுற காத்த நிறுத்துறதா? எழுந்து போங்கன்னு சொல்ற மாதிரி இருக்காது? என் மாமியா ஒக்காந்த நாற்காலிடி அது. அதுல ஒக்காந்திருக்கிற மனுசனுக்கு நான் அப்படிச் செய்ய மாட்டேன்."

"சின்னத்தை, என் வேலை போயிடும். நாங்க எல்லாரும் கோத்தா கினபாலு போயிடுவோம்."

தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நகரவில்லை. கல்யாணமானதிலிருந்து அவளை எனக்குத் தெரியும், அதற்கு முன்னாலும் தெரியும். விருந்தாளி விஷயத்தில் அவள் மலை. மருமகளே கையை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம் என்கிறாயா? மாமியார் வரிசையில் இருப்பவளைத் தள்ளிவிட்டு அதிகாரிகள் முன்னால் பிளக்கைப் பிடுங்குகிற பெண்ணா அவள்? நான் போய், "ஏய், நவுருடி" என்றேன். "நீ சும்மா இரு அக்கா, காத்து வாங்கிக்கிட்டு ஒக்காந்திருந்தவதானே நீ" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பெரிய அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை. என்ன தகராறு என்று மீசைக்காரரைக் கேட்டார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலாயில் சொன்னார். நான் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. யோசித்தார். எங்கள் வீட்டைப் போலவே அவர் வீட்டிலும் இப்படி ஒரு பெரியம்மா இருப்பார் போலிருக்கிறது.

எழுந்தார். தங்கச்சியை அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு மலாயில் மெதுவாகப் பேசினார். "மாக்சிக், விருந்தாளி கிளம்பிட்டான். இப்ப நிக்கிறது ஆபீஸ் ஆளு."

வாசலுக்குப் போய் செருப்பை மாட்டினார். பில் ஆபீஸ் பெண்ணும் பின்னாலேயே போனாள். மீசைக்காரர் மட்டும், "எனக்கு இன்னும் ஒரு வடை பாக்கி இருக்கே பாஸ்" என்று முனகினார். ஒரே ஒரு பார்வை. வடையைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் வெளியே போனார்.

தங்கச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "மூணு பேரும் செருப்பு போட்டுட்டாங்களா அக்கா?"

"போட்டுட்டாங்கடி."

"கேட்டுக்கு அந்தாண்ட போயிட்டாங்களா?"

"வெயில்ல காயுறாங்கடி, புடுங்கித் தொல!"

பிடுங்கினாள்.

காத்தாடி இன்னும் கொஞ்சம் சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றது. மருமகள் என் பக்கத்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றும் எரியவில்லை. தங்கச்சி பக்கத்தில் தட்டினாள். குழல் விளக்கு இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. பெரிய அதிகாரி கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தார். படத்தைச் சுவரில் வைத்துப் பேனாவால் ஒரு கோடு போட்டார். மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் அதிகம் பேச மாட்டார்கள். மருமகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தேன், சிரிக்கிறாள்.

"மாக்சிக்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது, "இப்ப விருந்தாளி மறுபடி வரலாமா?"

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கச்சி பிளக்கைச் சொருகிவிட்டாள்.

திட்டம் மூடப்படவில்லை, கண்ணு. பக்கத்து ஊர் பண்டமாரானுக்கும் போனது, இன்னும் எங்கெங்கோ போனது. கோத்தா கினபாலுவுக்கு வேறு யாரோ போனார்கள். எங்கள் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். மீசைக்காரர்தான் இப்போது மருமகளின் கட்சி. நோன்புப் பெருநாளுக்குப் பெரிய அதிகாரி வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே எல்லார் முன்னாலும், "இந்த மாக்சிக் காத்தாடிக்கும் ஒரு கட்டம் போட்டாச்சா?" என்று மருமகளைக் கேட்டார். தங்கச்சிக்கு வெட்கம். வெட்கப்பட்டாலும் அன்றைக்கு அவர் வீட்டுக் காத்தாடி யார் பக்கம் வீசுகிறது என்று கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றிலிருந்து மருமகள் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். சுவரைத் தாண்டி வயர் இழுக்கக் கூடாது. அதனால்தான் தங்கச்சி பக்கம் ரேடியோ பாடும்போது நான் இங்கே உன்னோடு வேர்த்துக்கொண்டிருக்கிறேன். முனை வீட்டுக்காரியிடம் சொல். என் மருமகள் எங்கள் வீட்டில் விளக்கை எரிய வைப்பதில்லை, எது அணையும் என்று முன்கூட்டியே சொல்கிறாள், அவ்வளவுதான். இன்றைக்குக்கூட ஆபீசிலிருந்து போன் பண்ணினாள். "அத்தை, உங்க பக்கம் போகப்போவுது. கிரைண்டர் போட்டிருந்தா சுவிட்ச அணைச்சு வைங்க, மறந்துடாதீங்க" என்றாள். உளுந்து ஊறிவிட்டது, கம்ப்யூட்டருக்காக அது காத்திருக்குமா? போட்டேன். கரண்ட் போனதும் மூடியைத் திறந்து, மாவைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டு, நீ கூப்பிட்டாயே என்று அப்படியே வெளியே வந்த…

என்ன சத்தம் அது? என் பக்கத்திலா? ஐயையோ, கரண்ட் வந்துடுச்சு! மூடி தொறந்து கெடக்குடி, உளுந்தெல்லாம் செவுத்துல போயிருக்கும். தங்கச்சீ! ரேடியோவ நிறுத்திட்டு ஓடிப் போய் அந்த சுவிட்ச அணை, நான் வரேன்!